அந்தோனியோ கனோவா

அந்தோனியோ கனோவா (நவம்பர் 1, 1757 – அக்டோபர் 13, 1822) இத்தாலியைச் சேர்ந்த புகழ்பெற்ற சிற்பி ஆவார். புதுச்செவ்வியல் பாணியில் பளிங்குச் சிலைகளைச் செதுக்கியவர்களுள் இவரே தலைசிறந்தவராகக் கருதப்படுகிறார். திருத்தந்தையர், பேரரசர்கள், இளவரசியர், பிரித்தானியப் பிரபுக்கள் எனப் பலரும் இவரது சிலைகளைப் பெறப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். கியூப்பிடின் முத்தத்தால் உயிர்த்தெழும் சைக்கி, மூன்று எழில் தேவியர், வெற்றிவாகை சூடிய பெர்சியசு, வீனசு உருவில் போலின் போர்கேசே ஆகியவை இவருடைய படைப்புகளுள் பெரிதும் அறியப்பட்டவை.

பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையின் அமைதியையும் அளவொழுங்கையும் மீட்டெடுக்க வேண்டும் என்பது 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த புதுச்செவ்வியல் இயக்கத்தின் நோக்கம். இவ்வியக்கத்தைச் சேர்ந்த பல சிலைகள் சீராகவும் தூய்மையாகவும் இருந்தும் பார்ப்பவர் மனத்தைத் தொடுவதில்லை என்ற குறை அக்காலத்திலேயே கூறப்பட்டது. கனோவாவின் சிலைகளும் இக்குறைகூறலுக்கு முழுவதும் தப்பவில்லை. எனினும் அவருடைய சிறந்த படைப்புகளின் முன் நிற்பவர்கள் குளிர்ந்த கல்லில் தோலின் மென்மையையும், அசையாத முகத்தில் துயரத்தையும் அன்பையும் உணர்ந்துள்ளனர். இதற்கு அவர் பளிங்கின் மேற்பரப்பில் தம் கையாலேயே செய்த கடைசி வேலையே பெரிதும் காரணம்.

பிறப்பும் இளமையும்

கனோவா அன்றைய வெனிசுக் குடியரசில், கிராப்பா மலையடிவாரத்தில் உள்ள பொசாஞோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பியெத்ரோ கனோவா ஒரு கல்தச்சர். அவர் 1761 ஆம் ஆண்டு இறந்தபோது கனோவாவுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. தாய் ஆஞ்செலா சார்தோ மறுமணம் செய்துகொண்டு அண்மையிலிருந்த வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டார். சிறுவன் பாட்டனார் பசீனோ கனோவாவின் பொறுப்பில் விடப்பட்டான். பாட்டனாரும் கல்தச்சரே, கோவில்களுக்கான பலிபீடங்களும் எளிய சிலைகளும் செய்துவந்தவர். கனோவா உளி பிடிக்கக் கற்றது இவரிடம்தான். தாயின் மறுமணத்தில் பிறந்த தம்பி யோவான்னி பத்தீசுத்தா சார்த்தோரி பிற்காலத்தில் குருவானவராகி, அண்ணனின் செயலாளராகவும் இறுதிவரை உற்ற துணையாகவும் இருந்தார்.

கனோவாவின் சிறுவயதைப் பற்றிய கதை ஒன்று இத்தாலியில் பரவலாக வழங்குகிறது. அவ்வட்டாரத்தில் மாளிகை வைத்திருந்த வெனிசு நகரப் பிரபு யோவான்னி ஃபாலியெர் அளித்த விருந்துக்காக, சிறுவன் வெண்ணெயில் சிங்கம் ஒன்றைச் செதுக்கிக் கொடுத்தான் என்றும், அதைக் கண்டு வியந்த பிரபு அவனுடைய கல்விக்கு உதவ முன்வந்தார் என்றும் அக்கதை கூறுகிறது. இதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் ஃபாலியெர் கனோவாவை ஆதரித்தது உண்மை. அவருடைய உதவியால் கனோவா, தொரெத்தி என அழைக்கப்பட்ட யுசெப்பே பெர்னார்தி என்னும் சிற்பியிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, பின்னர் அவருடனேயே வெனிசு நகருக்குச் சென்றார்.

வெனிசு நகரில்

வெனிசில் கனோவாவின் உண்மையான பள்ளியாக அமைந்தது ஃபர்செத்தி மாளிகை ஆகும். அங்கே பண்டைய சிலைகளின் சாந்து வார்ப்புகள் இளம் கலைஞர்கள் பார்த்து வரைவதற்காக வைக்கப்பட்டிருந்தன. ரோமைக் காணாத ஒரு சிற்றூர் இளைஞனுக்குப் பண்டைய உலகம் முதன்முதலில் இந்த வார்ப்புகளின் வழியாகவே அறிமுகமாயிற்று.

ஃபாலியெருக்காக அவர் செய்த ஓர்ஃபியுசு, யூரிடிசு சிலைகள் மென்கல்லால் ஆனவை. இவற்றைவிடப் பெரும் பெயரை ஈட்டித் தந்தது 1779 இல் முடிக்கப்பட்ட டெடலசும் இக்காரசும் என்னும் பளிங்குச் சிலை. கிரேக்கத் தொன்மத்தில் டெடலசு ஒரு கைவினைஞன். சிறையிலிருந்து தப்புவதற்காகத் தனக்கும் மகனுக்கும் இறகுகளால் சிறகு செய்தவன். சூரியனுக்கு மிக அருகில் பறந்த மகன் இக்காரசு, மெழுகு உருகிக் கடலில் விழுந்து இறந்தான். கனோவா அந்த வீழ்ச்சியைச் செதுக்கவில்லை. முதிய தந்தை மகனின் தோளில் சிறகைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தையே தேர்ந்துகொண்டார். தந்தையின் தோல் சுருங்கித் தொங்குகிறது. நெற்றி கவலையில் மடிந்திருக்கிறது. மகனோ ஏதும் அறியாத மகிழ்ச்சியில் இருக்கிறான். காலடியில் சிற்பியின் உளியும் சுத்தியலும் கிடக்கின்றன. தந்தையை இழந்து, கல்தச்சரான பாட்டனாரிடம் வளர்ந்த இருபத்தொரு வயது இளைஞனின் படைப்பு இது என்பதை அறிந்தவர்களுக்கு இச்சிலை மேலும் நெருக்கமாகத் தோன்றும். இது இன்று வெனிசு நகரின் கொர்ரேர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ரோமில் தொடக்க ஆண்டுகள்

1779 இல் கனோவா ரோமுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு நேபிள்சு, பொம்பெயி, பெசுத்தும் ஆகிய இடங்களையும் பார்வையிட்டார். ரோமில் வெனிசுக் குடியரசின் தூதர் சிரோலமோ சூலியான் இவருக்குத் தம் மாளிகையிலேயே தங்குமிடம் அளித்தார். அக்காலத்தில் ரோம் நகரம் ஐரோப்பியக் கலைஞர்களும் அறிஞர்களும் கூடும் இடமாக இருந்தது. செருமானிய அறிஞர் விங்கெல்மான், கிரேக்கச் சிலைகளின் சிறப்பு அவற்றின் எளிமையிலும், பெருந்துன்பத்திலும் குலையாத அமைதியிலும் இருக்கிறது என எழுதி இரு தலைமுறைக் கலைஞர்களின் பார்வையை மாற்றியிருந்தார். கனோவா ரோமுக்கு வருவதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன் விங்கெல்மான் இறந்துவிட்டார். ஆயினும் அவருடைய கருத்துகள் நகரில் உயிரோடு இருந்தன.

சூலியான் ஒரு பளிங்குப் பாளத்தைக் கொடுத்து, விரும்பியதைச் செய்யுமாறு கனோவாவிடம் கூறினார். கனோவா தீசியசு என்னும் வீரன் மினோட்டோர் என்ற காளைத்தலை அரக்கனுடன் போரிடும் காட்சியைச் செதுக்க எண்ணினார். போரைக் காட்டிலும் போருக்குப் பின் வரும் ஓய்வே சிறந்த பொருள் என்று அறிவுரை கூறியவர் ஸ்காட்லாந்து ஓவியர் கேவின் ஆமில்டன். அதன்படி, கொல்லப்பட்ட அரக்கனின் உடல்மேல் களைத்து அமர்ந்திருக்கும் தீசியசு உருவானான். வென்றவனின் முகத்தில் ஆரவாரம் இல்லை. தான் கொன்றதைத் தானே பார்த்துச் சிந்திப்பவன் போல் இருக்கிறான். இதை முதலில் கண்ட சிலர் ஏதோ ஒரு கிரேக்கச் சிலையின் படி என்று எண்ணினர் எனக் கூறப்படுகிறது. இச்சிலை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

திருத்தந்தையரின் கல்லறைகள்

1783 இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்டின் கல்லறைச் சின்னத்தை அமைக்கும் பணி கனோவாவுக்குக் கிடைத்தது. இதைப் பெற்றுத் தந்தவர் செதுக்கோவியக் கலைஞர் யோவான்னி வோல்பாத்தோ. அவருடைய மகள் தொமேனிக்காவுக்கும் கனோவாவுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவள் ரஃபயேல்லோ மோர்கென் என்பவரை மணந்துகொண்டாள். கனோவா அதன்பின் திருமணமே செய்துகொள்ளவில்லை.

திருத்தூதர்கள் கோவிலில் உள்ள இக்கல்லறை 1787 இல் திறந்துவைக்கப்பட்டது. அதுவரை ரோமில் இத்தகைய சின்னங்கள் பரோக் பாணியில், பல நிறக் கற்களும் பறக்கும் ஆடைகளும் பொன்முலாமும் நிறைந்து அமைவதே வழக்கம். கனோவா அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, கை நீட்டி அமர்ந்த திருத்தந்தையையும் கீழே துயருறும் இரு பெண் உருவங்களையும் மட்டும் வைத்தார். ஒருத்தி கல்லறைப் பெட்டியின்மேல் சாய்ந்து குனிந்திருக்கிறாள். மற்றவள் கைகளை மடியில் சேர்த்து அமர்ந்திருக்கிறாள். அழுகை இல்லை, கதறல் இல்லை. துயரத்தை உடலின் சாய்வால் மட்டும் உணர்த்தும் இம்முறை ரோம் மக்களுக்குப் புதியது.

அடுத்து, புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை பதின்மூன்றாம் கிளமெண்டின் கல்லறை 1792 இல் முடிந்தது. முடியைக் கழற்றி வைத்துவிட்டு முழந்தாளிட்டு வேண்டும் முதியவராகத் திருத்தந்தை காட்டப்பட்டுள்ளார். கீழே இரு சிங்கங்கள் காவல் இருக்கின்றன. ஒன்று உறங்குகிறது, மற்றொன்று விழித்திருக்கிறது. பேராலயத்துக்குச் செல்வோர் இன்றும் இச்சிங்கங்களைத் தேடிப் பார்ப்பதுண்டு.

கியூப்பிடும் சைக்கியும்

கனோவாவின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள கியூப்பிட், சைக்கி சிலையே. பிரித்தானியரான ஜான் கேம்பெல் என்பவரின் வேண்டுகோளின்படி 1787 இல் தொடங்கி 1793 இல் முடிக்கப்பட்டது. பின்னர் நெப்போலியனின் தங்கை கரோலினுடைய கணவர் யோவாக்கிம் முராவின் கைக்கு மாறி, 1824 இல் லூவருக்கு வந்துசேர்ந்தது.

இதன் கதை கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் அபுலேயசு எழுதிய இலத்தீன் நெடுங்கதையிலிருந்து எடுக்கப்பட்டது. காதற் கடவுள் கியூப்பிடின் மனைவியான சைக்கி, வீனசின் கட்டளைப்படி பாதாள உலகிலிருந்து ஒரு குப்பியைக் கொண்டுவருகிறாள். திறக்கக்கூடாது என்று சொல்லப்பட்ட அதனைத் திறந்து, சாவைப் போன்ற உறக்கத்தில் வீழ்கிறாள். கியூப்பிட் பறந்துவந்து அவளை எழுப்புகிறான். கனோவா செதுக்கியிருப்பது அவள் கண் விழித்துக் கைகளை மேலே உயர்த்தும் கணம். முத்தம் இன்னும் நிகழவில்லை. இரு முகங்களுக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கிறது. சைக்கியின் கைகள் கியூப்பிடின் தலையைச் சுற்றி ஒரு வட்டமாக அமைந்து, பார்ப்பவரின் கண்ணை அந்த இடைவெளிக்கே கொண்டுசெல்கின்றன. மேலே விரிந்த சிறகுகள் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை. இவ்வளவு நீண்டு பிரிந்த உறுப்புகளைக் கல்லில் உடையாமல் செதுக்குவது மிகவும் கடினமான வேலை.

இச்சிலைக்கு முன்பக்கம் என ஒன்று இல்லை. ஒரு பக்கத்திலிருந்து காதலரின் முகங்களும், மறுபக்கத்திலிருந்து சைக்கியின் முதுகும் அருகே கிடக்கும் குப்பியும் தெரிகின்றன. சிலையைத் திருப்பிப் பார்ப்பதற்காக அதன் அடிப்பகுதியில் ஓர் உலோகக் கைப்பிடியும் பொருத்தப்பட்டிருந்தது. இதன் இரண்டாம் படி உருசிய இளவரசர் யூசுப்போவுக்காகச் செய்யப்பட்டது. அது சென் பீட்டர்சுபர்க் நகரின் எர்மிட்டாச் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சிலை செய்யும் முறை

கனோவாவின் பட்டறையில் வேலை பல கட்டங்களாக நடந்தது. முதலில் அவர் காகிதத்தில் வரைந்து பார்ப்பார். பிறகு களிமண்ணில் சிறு மாதிரிகள் செய்வார். இம்மாதிரிகளுள் பல எஞ்சியுள்ளன. விரல் அழுத்திய தடங்களுடன் மிக வேகமாகச் செய்யப்பட்ட இவை, முடிந்த சிலைகளைவிட உணர்ச்சி மிக்கவை எனச் சிலர் கருதுகின்றனர். அடுத்து, சிலையின் முழு அளவில் களிமண் உருவம் செய்யப்பட்டது. அதிலிருந்து அச்செடுத்துச் சாந்து வார்ப்பு ஒன்று உருவாக்கப்பட்டது.

இந்தச் சாந்து உருவில் முக்கியமான இடங்களில் எல்லாம் சிறு உலோக ஆணிகள் அறையப்பட்டன. உதவியாளர்கள் தூக்குக்குண்டும் கவராயமும் கொண்டு ஒவ்வோர் ஆணியின் இடத்தையும் ஆழத்தையும் அளந்து, அதனைப் பளிங்குப் பாளத்துக்கு மாற்றுவர். கல்லின் பெரும்பகுதியை வெட்டி அகற்றி, உருவத்தை ஏறத்தாழ முழுமையாக்குவதும் அவர்களே. கல் பெரும்பாலும் கராரா சுரங்கங்களிலிருந்து வந்தது. பாளத்தின் உள்ளே கருநிற நரம்பு எதிர்பாராமல் வெளிப்பட்டால் பல மாத உழைப்பு வீணாகும் அச்சமும் இருந்தது.

இப்படியானால் சிலை யாருடையது என்ற கேள்வி எழுவது இயல்பு. கனோவாவின் விடை அவர் வைத்துக்கொண்ட கடைசிக் கட்டத்தில் உள்ளது. தலைமயிர், கண்ணிமை, விரல் நுனி, தோலின் மேற்பரப்பு ஆகியவற்றை அவர் பிறரிடம் விடவில்லை. நுண்ணிய அரங்களாலும் நுரைக்கற்களாலும் பல வாரங்கள் தேய்த்தார். ஆடை, பாறை, முடி ஆகியவற்றைச் சற்றுச் சொரசொரப்பாக விட்டு, உடலை மட்டும் மெருகேற்றினார். ஒரே வெண்ணிறக் கல்லில் பட்டும் தோலும் வெவ்வேறாகத் தோன்றுவது இதனால்தான். பெரும்பாலும் இரவில், மெழுகுவர்த்தியைச் சிலையின் அருகில் பிடித்து இவ்வேலையைச் செய்தார். பக்கவாட்டில் விழும் ஒளி பகலில் தெரியாத மேடுபள்ளங்களையும் காட்டிவிடும். இறுதியாகச் சில சிலைகளுக்கு மெழுகு பூசி, பளிங்கின் கூசும் வெண்மையைத் தணித்தார்.

இந்த மெழுகுப்பூச்சு கண்டனத்துக்கும் உள்ளானது. ஈபி என்னும் தேவியின் சிலைக்குப் பொன்முலாம் பூசிய உலோகக் கிண்ணமும் குடுவையும் கொடுத்து, உதட்டுக்கு மெல்லிய நிறமும் ஏற்றியிருந்தார். தூய வெண்மையே கிரேக்கச் சிலைகளின் இயல்பு என நம்பிய பலர் இதனை ஏற்கவில்லை. உண்மையில் பண்டைய கிரேக்கச் சிலைகள் பளிச்சென்ற வண்ணங்கள் பூசப்பட்டவை என்பது பிற்கால ஆய்வுகளால் உறுதியாயிற்று.

கனோவா வேலை செய்யும்போது பண்டைய நூல்களை ஒருவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம். இளமையில் போதிய கல்வி கிடைக்காத குறையை இவ்வாறு நிறைவு செய்துகொண்டார்.

வியன்னா கல்லறை

1798 இல் பிரெஞ்சுப் படைகள் ரோமைக் கைப்பற்றியதும் கனோவா பொசாஞோவுக்குத் திரும்பினார். அவருடைய சொந்த நாடான வெனிசுக் குடியரசு அதற்கு முந்தைய ஆண்டே நெப்போலியனால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. அவ்வாண்டு அவர் வியன்னாவுக்குச் சென்றபோது, இறந்த தம் மனைவி மரியா கிறித்தீனாவுக்கு நினைவுச் சின்னம் அமைக்குமாறு இளவரசர் ஆல்பர்ட் கேட்டுக்கொண்டார். மரியா கிறித்தீனா ஆசுத்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மகள்.

1805 இல் அகுசுதீனியர் கோவிலில் நிறுவப்பட்ட இச்சின்னம் கனோவாவின் மிக உருக்கமான படைப்பு எனலாம். சுவரையொட்டி வெண்பளிங்கால் ஆன ஒரு பிரமிடு உயர்ந்து நிற்கிறது. அதன் நடுவே இருண்ட வாசல் ஒன்று திறந்திருக்கிறது. அவ்வாசலை நோக்கிப் படிகளில் ஓர் ஊர்வலம் ஏறுகிறது. சாம்பற் கலசத்தை ஏந்திய பெண், உடன் செல்லும் சிறுமியர், அவர்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் துணையுடன் தள்ளாடி ஏறும் முதியவர், ஒரு குழந்தை. படிகளின்மேல் ஒரு விரிப்பு வழிந்து கிடக்கிறது. முகங்கள் பெரும்பாலும் நம்மை நோக்கியில்லை. குனிந்தோ திரும்பியோ இருக்கின்றன. இறந்த இளவரசியின் முகம் மேலே ஒரு வட்டப் பதக்கத்தில் மட்டும் சிறிதாகக் காட்டப்பட்டுள்ளது. அரச குடும்பத்தினரின் கல்லறைகளில் வழக்கமாக இடம்பெறும் வெற்றிச் சின்னங்கள் இங்கே இல்லை. முதுமை, இளமை, குழந்தைமை என எல்லா வயதினரும் ஒரே வாசலுக்குள் செல்வதே இதன் பொருள்.

உண்மையில் அந்த வாசலுக்குப் பின்னால் எவரும் புதைக்கப்படவில்லை. மரியா கிறித்தீனாவின் உடல் வியன்னாவின் கப்புச்சின் கோவிலில் உள்ள அரச நிலவறையில் இருக்கிறது.

நெப்போலியனும் கனோவாவும்

1802 இல் திருத்தந்தை ஏழாம் பயசு, திருத்தந்தையின் ஆட்சிப் பகுதியிலிருந்த தொல்பொருட்களுக்கும் நுண்கலைகளுக்கும் தலைமை மேற்பார்வையாளராகக் கனோவாவை அமர்த்தினார். அப்பல்லோ பெல்வெதேர் என்னும் புகழ்பெற்ற பண்டைய சிலையைப் பிரெஞ்சுக்காரர்கள் பாரிசுக்குக் கொண்டுசென்றுவிட்டதால் வத்திக்கானில் அதன் இடம் வெறுமையாக இருந்தது. கனோவாவின் பெர்சியசு சிலையைத் திருத்தந்தை வாங்கி அங்கே வைத்தார். வாழும் சிற்பி ஒருவருக்குக் கிடைத்த அரிய மதிப்பு இது.

அதே ஆண்டு நெப்போலியன் தம் உருவைச் செதுக்குவதற்காகக் கனோவாவைப் பாரிசுக்கு அழைத்தார். தம் நாட்டை அழித்தவருக்குப் பணிபுரிய அவருக்கு விருப்பமில்லை. திருத்தந்தையின் வற்புறுத்தலால் சென்றார். நெப்போலியனிடம் வெனிசு இழந்த விடுதலையைப் பற்றியும், இத்தாலியிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கலைப்பொருட்களைப் பற்றியும் அவர் தயங்காமல் பேசினார் எனக் கூறப்படுகிறது. பாரிசிலேயே தங்கிவிடுமாறு பின்னர் வந்த அழைப்பையும் அவர் ஏற்கவில்லை.

நெப்போலியனைப் போர்க்கடவுள் மார்சின் உருவில் ஆடையின்றி, 3 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் கனோவா செதுக்கினார். 1811 இல் பாரிசில் அதைப் பார்த்த நெப்போலியன், உடல் மிகையான கட்டுடையதாக இருப்பதாகக் கருதிப் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைக்கச் செய்தார். அவருடைய வீழ்ச்சிக்குப் பின் 1816 இல் பிரித்தானிய அரசு அதனை 66,000 பிராங்குக்கு விலைக்கு வாங்கியது. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவுக்கு அது பரிசாக அளிக்கப்பட்டது. இலண்டனில் அவருடைய இல்லமாக இருந்த ஆப்சிலி மாளிகையின் படிக்கட்டு அருகே அது இன்றும் நிற்கிறது.

நெப்போலியனின் தங்கை போலினின் சிலை இதற்கு நேர்மாறான வெற்றியைப் பெற்றது. கமில்லோ போர்கேசே என்னும் ரோமானிய இளவரசரை மணந்த போலின், கையில் ஆப்பிள் பழத்துடன் மஞ்சத்தில் சாய்ந்திருக்கும் வீனசாகச் செதுக்கப்பட்டார். தலையணையின் மடிப்பும், உடலின் கனத்தால் அழுந்திய மெத்தையும் கல் என்பதை மறக்கச் செய்கின்றன. சிலையைச் சுழற்றும் பொறி அடியில் அமைக்கப்பட்டிருந்தது. விருந்தினர் இரவில் விளக்கொளியில் இதனைக் கண்டு மகிழ்ந்தனர். ரோம் போர்கேசே காட்சிக்கூடத்தில் இச்சிலை உள்ளது.

கலைச்செல்வங்களை மீட்டல்

1797 இல் ஏற்பட்ட தொலெந்தீனோ உடன்படிக்கையின்படி திருத்தந்தை நூறு கலைப்பொருட்களைப் பிரான்சுக்குக் கொடுக்க நேர்ந்தது. வாட்டர்லூப் போருக்குப் பின், 1815 இல் அவற்றை மீட்டுவரும் பொறுப்பு கனோவாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அரசியல்வாதியோ தூதுவரோ அல்லர். உடல்நலமும் நன்றாக இல்லை. பிரெஞ்சு அதிகாரிகள் முட்டுக்கட்டை இட்டனர். உடன்படிக்கையில் கையெழுத்திட்டுக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது முறையன்று என்பது அவர்கள் வாதம். தூதுவராக வந்தவரைப் பொட்டலம் கட்டுபவர் என ஏளனம் செய்ததாகவும் ஒரு கதை உண்டு. வெலிங்டன் உள்ளிட்ட பிரித்தானியர்களின் ஆதரவு கிடைத்தபின் நிலைமை மாறியது. லவோக்கோன் சிலைத்தொகுதி, அப்பல்லோ பெல்வெதேர், ரஃபாயேலின் உருமாற்றம் என்னும் ஓவியம் முதலியன 1816 தொடக்கத்தில் ரோமுக்கு வந்துசேர்ந்தன. கொண்டுசெல்லப்பட்ட எல்லாமே திரும்பவில்லை.

பாரிசிலிருந்து கனோவா இலண்டனுக்குச் சென்று, எல்ஜின் பிரபு ஏதென்சிலிருந்து கொண்டுவந்திருந்த பார்த்தினன் சிலைகளைக் கண்டார். 1803 இல் இவற்றைப் பழுதுபார்த்துத் தருமாறு எல்ஜின் கேட்டபோது, அவற்றைத் தொடுவது தகாது என மறுத்தவர் கனோவா. இப்போது அவற்றில் உண்மையான உடலின் உயிர்ப்பைக் கண்டு மனமாரப் புகழ்ந்தார். அவருடைய கருத்துக்கு இருந்த மதிப்பு, பிரித்தானிய அரசு 1816 இல் அவற்றை வாங்குவதற்குத் துணைசெய்தது. இத்தாலியின் கலைப்பொருட்களை மீட்கச் சென்றவரின் சொல், கிரேக்கத்தின் கலைப்பொருட்கள் இலண்டனில் தங்கிவிட உதவியது ஒரு முரணே.

ரோமுக்குத் திரும்பிய கனோவாவுக்குத் திருத்தந்தை இசுக்கியா மார்க்குவிசு என்னும் பட்டத்தையும் ஆண்டுக்கு 3,000 இசுகூடி ஓய்வூதியத்தையும் வழங்கினார். அத்தொகையைக் கலைக்கழகங்களுக்கும் வறிய கலைஞர்களுக்கும் அவர் ஒதுக்கிவிட்டார்.

இறுதி ஆண்டுகள்

நெப்போலியனின் முதல் மனைவி யோசபின் விரும்பிக் கேட்ட மூன்று எழில் தேவியர் சிலை அவர் இறந்தபின்பே முடிந்தது. இப்போது எர்மிட்டாச்சில் உள்ளது. பெட்ஃபோர்டு பிரபுவுக்காகச் செய்த இரண்டாம் படியை 1994 இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் ஸ்காட்லாந்து தேசியக் காட்சிக்கூடங்களும் இணைந்து 76 இலட்சம் பவுண்டுக்கு வாங்கின. மூவரும் ஒருவரையொருவர் தழுவித் தலைகளைச் சேர்த்து நிற்கும் இச்சிலையில், ஒருத்தியின் விரல்கள் மற்றவளின் தோலில் பதியும் இடம் மிகவும் பாராட்டப்படுவது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்காக அவர் செய்த ஜார்ஜ் வாசிங்டன் சிலை 1821 இல் ராலி நகரை அடைந்தது. பத்தே ஆண்டுகளில், 1831 இல், மாநில அவைக் கட்டடம் தீப்பற்றியபோது அது அழிந்தது.

பிறந்த ஊரில் தம் சொந்தச் செலவில் ஒரு கோவில் கட்டவும் கனோவா முற்பட்டார். பார்த்தினனைப் போன்ற தூண் வரிசையும் ரோம் பாந்தியனைப் போன்ற குவிமாடமும் கொண்ட இதற்கு 1819 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது நிறைவடைவதைக் காண அவர் இருக்கவில்லை.

மறைவு

கனோவா 1822 அக்டோபர் 13 அன்று வெனிசில் காலமானார். உடல் பொசாஞோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பிற்பாடு அவர் கட்டத் தொடங்கிய கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. வலது கை வெனிசு நுண்கலைக் கழகத்தில் வைக்கப்பட்டது. இதயம் அந்நகரின் ஃபிராரி கோவிலில் உள்ளது. ஓவியர் டிசியானுக்காகக் கனோவா முன்னர் வரைந்து, நிறைவேறாமற்போன பிரமிடு வடிவத் திட்டத்தையே அவருடைய மாணாக்கர்கள் எடுத்துக்கொண்டு, 1827 இல் அவருக்கான நினைவுச் சின்னமாக அங்கே கட்டி முடித்தனர். வியன்னாவில் உள்ளதைப் போன்றே இங்கும் இருண்ட வாசலை நோக்கி ஒரு துயர ஊர்வலம் செல்கிறது.

மதிப்பீடு

வாழ்நாளில் கனோவாவுக்குக் கிடைத்த புகழ் அளவற்றது. ஆங்கிலக் கவிஞர் பைரன், இத்தாலியக் கவிஞர் ஃபோசுகோலோ முதலியோர் இவரைப் போற்றினர். அதே வேளையில் செருமானியத் திறனாய்வாளர் ஃபெர்னோவ், இவருடைய சிலைகள் மேற்பரப்பின் கவர்ச்சியால் புலன்களை மயக்குகின்றன என்றும், உறுதியற்றவை என்றும் 1806 இல் எழுதினார். ரோமிலேயே பணியாற்றிய டென்மார்க்குச் சிற்பி தோர்வால்சனின் கண்டிப்பான, உணர்ச்சியை ஒடுக்கிய நடையே உண்மையான கிரேக்க நெறி என்று எண்ணியவர்கள் பலர். கனோவாவோ தோர்வால்சனின் முதல் பெரும் படைப்பான யேசன் சிலையை மனந்திறந்து பாராட்டியவர்.

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு எதிரான குற்றச்சாட்டு எழுந்தது. இத்தாலியக் கலை வரலாற்றாளர் ரொபெர்த்தோ லோங்கி போன்றோர் இவருடைய கலையை உயிரற்றதெனத் தள்ளினர். ஒரே சிற்பியை ஒரு நூற்றாண்டு மிகுந்த சூடுள்ளவர் என்றும், அடுத்தது மிகக் குளிர்ந்தவர் என்றும் குறைகூறியது வியப்புக்குரியது. சாந்து வார்ப்புகளையும் ஒளிப்படங்களையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைசி மெருகு தெரிவதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். மரியோ பிராசு, இயூ ஆனர் ஆகிய ஆய்வாளர்களின் எழுத்துகளால் கனோவாவின் மதிப்பு மீண்டும் உயர்ந்தது.

பிரித்தானியப் பிரதமர் இலிவர்பூல் பிரபுவுக்காக அவர் இறுதியாகச் செய்த சாய்ந்திருக்கும் மகதலேனா சிலை, கைமாறிக் கைமாறிச் செதுக்கியவர் பெயரே மறந்துபோயிற்று. 2002 இல் அது தோட்ட அலங்காரச் சிலையாகச் சில ஆயிரம் பவுண்டுக்கு ஏலம்போனது. அது கனோவாவின் படைப்பு என 2022 இல் அறிவிக்கப்பட்டது.

பொசாஞோ அருங்காட்சியகம்

கனோவாவின் மறைவுக்குப் பின் தம்பி சார்த்தோரி ரோம் பட்டறையிலிருந்த சாந்து உருவங்களையும் களிமண் மாதிரிகளையும் பொசாஞோவுக்குக் கொண்டுவந்து, 1830களில் அவற்றுக்கென ஒரு கூடம் கட்டினார். முதலாம் உலகப்போரின்போது கிராப்பா மலை போர்முனையாக இருந்தது. 1917 இல் பீரங்கிக் குண்டுகள் விழுந்து பல உருவங்கள் சிதைந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பின்னர் பழுதுபார்க்கப்பட்டன. 1957 இல் கட்டடக் கலைஞர் கார்லோ இசுக்கார்ப்பா வடிவமைத்த புதிய பகுதி சேர்க்கப்பட்டது. கூரையின் மூலைகளிலிருந்து இயற்கை ஒளி சிலைகள்மேல் விழுமாறு அது அமைந்துள்ளது.

அளவெடுப்பதற்காக அறைந்த ஆணிகள் இங்குள்ள உருவங்களில் கரும்புள்ளிகளாக இன்றும் தெரிகின்றன. 2020 சூலை 31 அன்று ஒரு சுற்றுலாப் பயணி போலின் போர்கேசேயின் சாந்து உருவின்மேல் அமர்ந்து படமெடுத்துக்கொள்ள முயன்றபோது அதன் கால்விரல்கள் உடைந்தன. காட்சிக்கூடத்திலிருந்து நழுவிச் சென்ற அவர், பின்னர் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.